மிதி, விடு

பிறை தொழிற்பேட்டையின் பின்சாலை.
இரவு பதினொன்று.
காலை எட்டரைக்குப் புஸ்பாக்கோம் சோதனை.
நாற்பதடி டிரெய்லருக்கு முன்னால்
லோரிக்குள் நான்.
டிரெய்லரின் வாலில், அட்டையை விரித்து
மல்லாந்து கிடக்கிறான் குணாளன்.

தீபாவளிக்கு முந்தின வாரத்திலிருந்து
எங்களுக்குள் பேச்சில்லை.
தவணைப் பணம் பதினெட்டாயிரம் வெள்ளி.
கட்டியது யார், கட்டாதது யார்?
அவன் மனைவி, என் தங்கை சுலோச்சனா,
இரண்டு கணக்குப் புத்தகத்தையும் புரட்டிவிட்டு
இரண்டையும் மூடிவைத்துச்
சோறு வடிக்கப் போனாள்.

ஆனால் பிரேக் விளக்கைப் பார்க்க
இரண்டு ஆள் வேண்டும்.
சீட்டுக்கும் மிதிக்கும் நடுவே
கட்டை ஒன்றை முட்டுக்கொடுத்தும் பார்க்கலாம்.
கட்டையைத் தேடினேன்.
அவனும் தேடியிருப்பான்.

"மிதி."
மிதித்தேன்.
"விடு."
புஸ்ஸென்று இறங்கியது காற்று.

பக்கக் கண்ணாடியில் தெரிந்தது:
நான் மிதிக்க மிதிக்க
சிவப்பு வெளிறிக் காவியாகிறது.
யாரும் கூப்பிடாத இடது சிக்னல்
அரைத் தூக்கத்தில் விழிப்பதுபோல்
லேசாக எரிகிறது.

முதலில் பிளக்கைத் திறந்தான்.
ஏழு முள்ளிலும் பச்சைக் களிம்பு,
துறைமுகத்து உப்புக்காற்றின் வேலை.
சுரண்டினான். ஊதினான்.
"மிதி."
அதே காவி.

பிறகு ஜங்ஷன் பெட்டி.
புத்தகத்தில் வெள்ளைதான் எர்த்.
இங்கே ஈப்போக்காரன் ஒருவன் இழுத்த பச்சை,
சுங்கைப் பட்டாணியில் யாரோ முறுக்கிவிட்ட பழுப்பு,
வெயிலில் உருகி ஒழுகிய டேப்.
ஒவ்வொரு வயராய்ப் பிரித்து
உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டான்.
கையில் இடம் தீர்ந்ததும்
முழங்கைக்குப் போனான்.

"மிதி. விடு. மிதி."
ஒரு மணி நேரம் இந்த இரண்டு சொல்தான்.
வேறெந்த வீட்டிலும்
மச்சான்கள் இப்படிப் பேசிக்கொள்வார்களா
தெரியவில்லை.

டெஸ்ட் விளக்கின் கிளிப்பை
அச்சின் வெறும் இரும்பில் கடித்து நிறுத்தி
எர்த் வயரின் நுனியில் ஊசியை வைத்தான்.
எரியக்கூடாது.
எரிந்தது.

போன மின்சாரம் திரும்பி வர வழியில்லாமல்
பக்கத்து விளக்குகளின் இழைக்குள் நுழைந்து
சுற்றுவழியில் வந்துகொண்டிருக்கிறது.
அவன் டார்ச் அடித்துக்கொண்டே
வயரைப் பிடித்து நகர்ந்தான், சேஸிஸ் ஓரமாக,
மட்கார்டுக்குப் பின்னால்,
ஒரு போல்ட் வரைக்கும்.

அந்த போல்ட்டை எனக்குத் தெரியும்.

போன வருஷம் இதே சோதனைக்கு
சேஸிஸ் முழுக்கக் கறுப்பு அடித்தது நான்.
பெயிண்ட் காய்ந்ததும்
அதன் மேலேயே எர்த்தை வைத்து
இறுக்கினதும் நான்.
பார்வைக்கு அழகாய்த்தான் இருந்தது.
பன்னிரண்டு மாத மழையில் மெல்ல மெல்ல
இரும்புக்கும் செம்புக்கும் நடுவே
துரு குடியேறிவிட்டது.

டார்ச் அங்கேயே நின்றது.
கொஞ்ச நேரம்.
என்ன சொல்லப்போகிறான் என்று
ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தேன்.

அரத்தின் சத்தம் வந்தது.
கறகறவென்று, நிதானமாக,
பெயிண்ட் போய் வெள்ளை இரும்பு தெரியும்வரை.
நட்சத்திர வாஷர், புது லக், கிரீஸ்.
ஸ்பேனர் கடைசிச் சுற்றில் முனகியது.

"மிதி."

வேலி சிவந்தது.
வேலிக்குப் பின்னால் படுத்திருந்த நாய்
எழுந்து நின்று அதுவும் சிவந்தது.
இடது சிக்னல் வாயைத் திறக்கவில்லை.

ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றான்.
நகக்கண்ணெல்லாம் கறுப்பு, என் பெயிண்ட்.
பதினெட்டாயிரத்தைப் பற்றி
அவனும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.
பிளாஸ்கை நீட்டினேன்.
மூடியில் கோபி ஊற்றிப் பாதி குடித்துவிட்டு
மீதியை டாஷ்போர்டில் வைத்தான்.

வலப்பக்க மார்க்கர் ஒன்று
இன்னும் எரியவில்லை.
மணி இரண்டே கால்.

"பார்க் லைட் போடு" என்றான்,
பின்னால் நடந்துகொண்டே.
மூன்று சொல்.